பப்புக்குப் போகலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

அயர்லாந்தின் கால்வேக்கு வந்து ஒரு மாதமே ஆன நீ, உடன் வேலை செய்யும் நர்சுகள் வெள்ளிக்கிழமை இரவு இசை கேட்க மூன்று பப்புகளுக்கு அழைத்திருப்பதாக எழுதி, குடிக்காதவள் போகலாமா, என்ன உடுத்துவது, எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். மழைக்கோட்டு இருந்தால் உடைக் கவலை தீர்ந்தது. செலவு உன் கையில்.

கேரள எல்லையிலுள்ள வேலந்தாவளத்துப் பெண்ணுக்குப் பப் என்றதும் மனத்தில் என்ன எழும் என்பது பக்கத்துக் கொழிஞ்சாம்பாறைக்காரியான எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால் எல்லை தாண்டி வரும் வண்டிகள் நம் கள்ளுக்கடைகளின் முன் நிற்க, தலை குனிந்து எதிர்ச்சாரியில் நடந்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே பாட்டியும் பேத்தியும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பார்கள். 2004 மார்ச்சில் பணியிடங்களில் புகைபிடிக்கத் தடை வந்தபின் உள்ளே புகைநாற்றமும் இல்லை.

நீ பயப்பட வேண்டியது ரவுண்டுக்குத்தான். நால்வர் போனால் ஒருவர் எழுந்து நால்வருக்கும் வாங்கி வருவார், அடுத்த முறை அடுத்தவர். யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். எழாதவர் யார் என்பது மட்டும் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2006 நவம்பரில், வந்த மூன்றாம் வாரம், மூவர் வாங்கித் தந்த லெமனேடை மரியாதையாகக் குடித்துவிட்டு, அழைத்தவர்கள்தானே செலவு செய்ய வேண்டும் என்ற நம் ஊர் நியாயத்தோடு வீடு திரும்பினேன். அதன்பின் பல மாதங்கள் என்னை யாரும் அழைக்கவில்லை. என் நிறம்தான் காரணம் என்று எண்ணி அழுதேன். வார்டைக் கூட்டிப் பெருக்கும் அம்மாள் விஷயத்தைச் சொன்னபோது வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஆகவே முதல் ரவுண்டை நீயே வாங்கிவிட்டு, பிறகு ரவுண்டிலிருந்து விலகிக்கொள்.

இன்னொன்று, வண்டி எடுக்காதே. லேர்னர் பெர்மிட்காரர்களுக்கு 100 மில்லி இரத்தத்தில் 20 மில்லிகிராம் ஆல்கஹால்தான் வரம்பு. தோழி ஆசையாக நீட்டும் அரை கிளாஸ் கூட வினையாகலாம்.

பதினைந்து ஆண்டுகளாக இங்கிருந்தும் ஓணம் சத்யா விருந்தைத் தவிர வேறெதற்கும் வெளியே வராத நம்மவர் சிலர், உன்னைப் பப் வாசலில் கண்டால் விடிவதற்குள் ஊருக்குச் செய்தி அனுப்பிவிடுவார்கள். என் கையிலிருந்த ஆரஞ்சுச் சாறு என் அம்மாவின் காதை எட்டியபோது விஸ்கியாகியிருந்தது. முந்திக்கொண்டு நீயே வீட்டில் சொல்லிவிடு.

சீ ரோட்டிலுள்ள கிரேன் பாரில் தொடங்குங்கள். அங்கே நடப்பதைச் செஷன் என்பார்கள். மேடை கிடையாது, பிடில், புல்லாங்குழல், பௌரான் என்னும் தோல்பறை, 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறிய இலன் பைப்ஸ் என்னும் பைக்குழல் ஆகியவற்றோடு ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து தங்களுக்காகவே வாசிப்பார்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று முறை வாசித்துவிட்டு, கண்ணசைவில் நிறுத்தாமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள், அவசரப்பட்டுக் கைதட்டிவிடாதே. அவர்களுக்கருகில் காலியாக இருக்கும் நாற்காலி வரப்போகும் வாத்தியக்காரருக்கு உரியது. அதில் உட்கார்ந்தும் நான் ஒருமுறை எழுப்பப்பட்டிருக்கிறேன். யாராவது துணையின்றிப் பாடத் தொடங்கினால் கடை முழுதும் அடங்கிவிடும்; அப்போது கிளாஸைக்கூடச் சத்தமின்றி வை.

அப்படியொரு இரவில், நீயும் பாடு என்று என்னையும் கேட்டார்கள். பாட்டியின் நடவுப் பாட்டைத் தமிழும் மலையாளமும் கலந்தபடியே பாடினேன். முடிந்ததும் பிடில்காரர் எந்தச் சுருதி என்று கேட்டார். சேற்றில் நின்று பாடிய கிழவியைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.