சின்னது குட்டி இல்லை, ஆண்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "ஐந்து வருடம் முன்பு எலுமிச்சம்பழ அளவில் இரண்டு ஆமைகள் வாங்கினோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு இருக்கும். ஒன்று இப்போது ஒரு சாணை நெருங்கிவிட்டது, மற்றது அதில் பாதிதான். தொட்டி சின்னதாக இருப்பதால் வளரவில்லையா? சின்னது பெரியதின் முகத்துக்கு நேராக நகத்தை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. சண்டையா? முட்டையிடுமா? முடியாவிட்டால் கே.ஆர்.பி. அணையில் விட்டுவிடலாமா?"

நீங்கள் வளர்ப்பது ரெட் இயர்டு ஸ்லைடர். இந்த வகையில் ஆண் சிறியதாகவும் பெண் பெரியதாகவும்தான் இருக்கும். சின்னதின் முன்னங்கால் நகம் நீளமாகவும் வால் தடித்தும் இருந்தால் அது ஆண். நகத்தை ஆட்டுவது சண்டைக்கு இல்லை, பெண்ணை இணங்க வைக்க. ஓயாமல் துரத்தினாலோ கடித்தாலோ மட்டும் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள்.

இனப்பெருக்கப் பருவத்துக்கு வயதைவிட ஓட்டின் நீளத்தைத்தான் பார்க்க வேண்டும். ஆண் 10 சென்டிமீட்டர் வந்தாலே தயார். இரண்டு முதல் ஐந்து வருடத்தில் எட்டிவிடும். பெண்ணுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் வேண்டும். பொதுவாக ஐந்து முதல் ஏழு வருடம் ஆகும். சீக்கிரம் பெரிதாகட்டும் என்று தீனியைக் கொட்டாதீர்கள், ஓடு கோணிப்போகும். தொட்டிக்கு ஏற்ற அளவில் ஆமை நின்றுவிடும் என்பதும் தவறு. இடுக்கமும் அழுக்குத் தண்ணீரும் அதை நோயாளியாக்கும், அவ்வளவுதான்.

உங்கள் பெண் ஆமை எப்போது வேண்டுமானாலும் முட்டையிடலாம். ஆண் இல்லாவிட்டாலும் இடும், ஆனால் பொரிக்காது. எனக்குக் கவலை இங்கேதான். தோண்ட மண் கிடைக்காத ஆமை முட்டையை உள்ளேயே அடக்கிக்கொள்ளும். அதில் உயிரே போகலாம். ஒரு பெரிய டப்பில் ஈர மண்ணும் மணலும் கலந்து ஒரு சாண் ஆழத்துக்கு நிரப்பி வையுங்கள். இரை எடுக்காமல் பின்னங்காலால் பிறாண்டிக்கொண்டு அலைந்தால் அதில் விடுங்கள். அப்படியும் இடாமல் சோர்ந்து போனால் கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்-ரே எடுத்துப் பாருங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடல் நுரையை (கணவாய் ஓடு) தண்ணீரில் போட்டால் கடித்துக்கொள்ளும். அந்தச் சத்து உடம்பில் ஒட்ட வெயில் வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. காலையில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் விடுங்கள், ஒதுங்க நிழலும் இருக்கட்டும்.

குஞ்சு பொரிக்க வைக்கலாமா? சூடு 31 டிகிரியைத் தாண்டினால் எல்லாம் பெண், 27-க்குக் கீழே ஆண் என்று பிறக்கும். நம் ஊர்க் கோடையில் பெரும்பாலும் பெண்ணாகத்தான் வரும். ஒவ்வொன்றும் இருபது முப்பது வருடம் வாழும், அத்தனைக்கும் தொட்டி வேண்டும். நான் வேண்டாம் என்பேன். இட்ட அன்றே முட்டைகளை எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.

அணையில் மட்டும் விடாதீர்கள். இது அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்து ஆமை. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகளில் ஒன்று. நம் கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளை உள்ளடக்கி 2022-இல் அறிவித்த காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயத்தில் லெய்த் மென்னோட்டு ஆமை போன்ற அரிய உயிர்கள் வாழ்கின்றன. கே.ஆர்.பி. அணை இருக்கும் தென்பெண்ணை ஆற்றிலும் நாட்டு ஆமைகள் உண்டு. இரைக்கும் வெயில் காயும் பாறைக்கும் இது அவற்றோடு போட்டி போடும், நோயையும் கொண்டுபோகும். வைத்துக்கொள்ள முடியாவிட்டால் பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள்.