மீண்டும் மலைச் சைக்கிள்

கேள்வி: நான்கு மாதங்களுக்கு முன் நுவரெலியாவில் மலைச் சைக்கிளில் சரிவொன்றில் இறங்கும்போது விழுந்து, கழுத்தடியிலிருந்து தோளுக்குச் செல்லும் காறை எலும்பு முறிந்தது. பொருந்திவிட்டதென வைத்தியர் கூறியும் பயம் விடவில்லை. ஓட்டாதிருப்பதோ மனத்தை வாட்டுகிறது. எப்படித் தொடங்கலாம்?
– வாசகர், கோப்பாய்

பதில்: வளர்ந்தோருக்குக் காறை எலும்பு பொருந்தப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் செல்லுமெனினும், அசையாதிருந்த தோள் தசைகளின் வலு அத்தனை விரைவில் திரும்புவதில்லை, கரடுமுரடான பாதையின் அதிர்வு கைபிடி வழியாகத் தோளுக்கே ஏறுவதால், இயன்மருத்துவர் தந்த பயிற்சிகளைக் கைவிடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் மலையில்லாதது இப்போது உங்களுக்கு நன்மையே. அதிகாலையில் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் சென்று திரும்புங்கள். தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் எதிர்க்காற்றே ஏற்றத்தின் வேலையைச் செய்துவிடும். வலியின்றிச் சில வாரங்கள் ஓடியபின், ரயர்க் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு மண் ஒழுங்கைகளில் இறங்கலாம். மணற்காட்டு மணல்மேடுகள் மட்டும் இப்போதைக்கு வேண்டாம். இளகிய மணலில் முன்சில்லு புதைந்தால் பழைய தோளிலேயே மீண்டும் விழ நேரலாம்.

சீரான உடலுழைப்பு மனச்சோர்வைத் தணிக்கும் என்பதை மருத்துவமும் ஏற்கிறது. ஆயினும் விழுந்த காட்சி உறக்கத்திலும் திரும்பத் திரும்ப வருமாயின், சைக்கிளை மட்டும் நம்பியிராமல் உளநல வைத்தியரையும் தயங்காது நாடுங்கள்.