மாற்று உறுப்பும் உடற்பயிற்சியும்: ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

சிறுநீரகம் மாற்றி நாலு மாதம் ஆகிறது. குனிந்தாலே தம்பி கொடுத்த கிட்னி நகர்ந்துவிடுமோ என்று பயம். (ஈரோடு வாசகர்)

நகராது, தைரியமாக இருங்கள். புதுச் சிறுநீரகத்தை முதுகுப் பக்கம் வைப்பதில்லை. அடிவயிற்றில், இடுப்பெலும்பின் குழிவில் வைத்து, காலுக்குப் போகும் ரத்தக்குழாயோடு இணைக்கிறார்கள். விலா எலும்பின் காப்பு அங்கே இல்லை, அதனால் நேரடி அடி படக்கூடாது. கபடி வேண்டாம், நடை, சைக்கிள் தாராளமாகச் செய்யலாம்.

இந்தப் பயம் உங்களுக்கு மட்டும் இல்லை. முதல் நாள் பயிற்சிக்கு வருபவர்களில் பலர் அடிவயிற்றை ஒரு கையால் பொத்திக்கொண்டேதான் நடப்பார்கள். நாங்கள் பக்கத்தில் நின்று, பிபி பார்த்து, "சரி, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்போம். சில வாரங்களில் அந்தக் கை தானாக இறங்கி வீசி நடக்கத் தொடங்கும். பயிற்சி முடித்தவர்களும் கருவிகளைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மூச்சு வாங்கும்போது பக்கத்தில் ஆள் இருந்ததைத்தான் சொல்கிறார்கள்.

இதயம் மாற்றியவன் நான். சும்மா இருக்கும்போதே வாட்ச்சில் துடிப்பு 100. நடந்தால் உடனே ஏறுவதில்லை, நின்றால் உடனே இறங்குவதில்லை. வாட்ச் கோளாறா? (சென்னை வாசகர்)

வாட்ச் சரியாகத்தான் இருக்கிறது. அறுவை சிகிச்சையில் இதயத்துக்கான நரம்புத் தொடர்பு அறுபடுகிறது. துடிப்பைத் தணிக்கும் நரம்பின் பிடி இல்லாததால் 90 முதல் 110 வரை சாதாரணம். ரத்தத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சேர்ந்த பிறகுதான் வேகம் கூடும். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் 5 முதல் 10 நிமிடம் மெதுநடை கட்டாயம். வாட்ச்சைப் பார்க்காமல் மூச்சைக் கவனியுங்கள்: பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அளவு சரி. நெஞ்சுவலி தெரியாமலே போகலாம் என்பதால், வழக்கமில்லாத களைப்பு வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். இதய மாற்றுக்குப் பிறகு கண்காணிப்பில் தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லீரல் மாற்றிய என் கணவரை வாரம் மூன்று நாள் பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு வழிக்கே 3 மணி நேரம் பஸ். நடக்கிற காரியமா? (திருவாரூர் வாசகி)

இல்லை அம்மா. உங்கள் ஆதங்கம் நியாயமானது, நாங்கள்தான் திட்டத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வரும் நாளிலேயே பயிற்சியையும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். இடையில் வீடியோ காலில் பார்க்கலாம். ஸ்டீராய்டு மாத்திரையால் தொடைச் சதை கரையும். அதற்கு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காரட்டும். வயிற்றுத் தையல் நன்றாக ஆறி, சர்ஜன் சொல்லும்வரை பளு தூக்க வேண்டாம். பஸ்ஸில் மாஸ்க் அவசியம்.

பயிற்சி செய்த மறுநாள் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) கூடியிருந்தது. நிறுத்திவிடவா? (மதுரை வாசகர்)

நீங்களாக முடிவெடுக்காதீர்கள். கடும் பயிற்சியாலும் தண்ணீர் குறைந்தாலும் கூடலாம், புது உறுப்பை உடம்பு ஏற்க மறுக்கும் நிராகரிப்பாகவும் இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அப்புறம், உடம்புவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடவே கூடாது.