மழைக்குப் பின் சாயும் கள்ளிச் செடிகள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் நிறைய கள்ளிச் செடிகளும் சதைப்பற்றுச் செடிகளும் வளர்க்கிறேன். வாரம் இரண்டு முறைதான் தண்ணீர் விடுகிறேன். அப்படியும் ஐப்பசி மழை முடிந்ததும் ஒவ்வொன்றாக அடி கொழகொழத்துச் சாய்ந்துவிடுகிறது. பெரிய தொட்டிக்கு மாற்றலாமா? காசிமேடு கடற்கரை மணல் கலக்கலாமா?

பதில்: கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு வேரைக் கருக்கிவிடும். பெரிய தொட்டியும் வேண்டாம். மண் கூடக்கூட வேர் உறிஞ்சாத ஈரம் அதில் தங்கும், கடலோரக் காற்றில் அது சீக்கிரம் காயவும் காயாது. செடியைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக, அடியில் ஓட்டை உள்ள மண்தொட்டி போதும்.

சாய்ந்த செடி ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள், வேர்களுக்கு நடுவே தென்னை நார்க்கழிவு ஒரு கட்டியாக இருக்கும். நர்சரியில் லேசாக இருக்கட்டும் என்று அதில்தான் வளர்க்கிறார்கள். நாம் சுற்றிலும் என்ன நல்ல மண் போட்டாலும் அந்தக் கட்டி மட்டும் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும், அழுகல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதனால் தொட்டி மாற்றும்போது, மண் நன்றாகக் காய்ந்த பிறகு, செய்தித்தாளைப் பட்டையாக மடித்துச் செடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஈர்க்குச்சியால் அந்த நாரைப் பொறுமையாகக் கிளறி உதிர்த்துவிடுங்கள். சில வேர்கள் அறும், பரவாயில்லை. ஒரு பங்கு தோட்ட மண்ணுக்கு இரண்டு பங்கு, தூசு போகக் கழுவிய எம்-சாண்டும் (கல்லை அரைத்துச் செய்யும் மணல்) பட்டாணி அளவில் உடைத்த செங்கல்லும், கூடவே ஒரு கைப்பிடி மட்கிய உரம். நட்டதும் தண்ணீர் ஊற்றத்தான் கை போகும், ஆனால் ஒரு வாரம் ஊற்றாதீர்கள், அறுந்த வேர்களின் காயம் ஆற வேண்டும்.

இதற்கு தை, மாசிதான் சரியான காலம். கத்திரி வெயிலிலும் மழை மாதங்களிலும் தொடாதீர்கள். மழைக்கு மேலே ஒளி புகும் ஷீட் போட்டு, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வேண்டாம்: ஈர்க்குச்சியை அடிவரை குத்தி எடுங்கள், மண் ஒட்டாமல் வந்தால்தான் தண்ணீர்.

அழுகியதையும் காப்பாற்றலாம். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் அழுகலுக்கு மேலே வெட்டுங்கள். வெட்டு முகத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தாலும் கத்தியைத் துடைத்துவிட்டு இன்னும் மேலே வெட்ட வேண்டும். சுத்தமானதும் ஒரு வாரம் நிழலில் காயவைத்து, உலர்ந்த மண்மேல் நிறுத்துங்கள். பால் வடியும் கள்ளி என்றால் கையுறை அவசியம், அந்தப் பால் கண்ணில் படவே கூடாது.

கேள்வி: என் சிவப்புத் தலைக் கள்ளியின் பச்சைத் தண்டு காய்கிறது. தலையைத் தனியாக நடலாமா? (பெரம்பூர் வாசகர்)

பதில்: பிழைக்காது. அது ஒட்டுச்செடி, சிவப்புத் தலையில் பச்சையம் இல்லாததால் கீழே உள்ள தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது. தலை இன்னும் கெட்டியாக இருந்தால் உடனே வெட்டி, டிராகன் பழச்செடித் தண்டில், இரண்டின் வெட்டு முகத்திலும் நடுவே தெரியும் வளையங்கள் ஒன்றையொன்று தொடும்படி வைத்து ரப்பர் பேண்டால் கட்டுங்கள்.