மயில்துத்தம் வேண்டாம், கத்தி வேண்டும்

கேள்வி: கடந்த ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் நான்கு வயதுக் கத்தியவாரி பெட்டைக் குதிரை ஒன்றை வாங்கினேன். 24 நாட்களுக்கு முன் இரவில் எதற்கோ மிரண்டு, இடது பின்னங்காலை முள்கம்பி வேலியில் சிக்க வைத்துக்கொண்டது. முட்டிக்குக் கீழே, முன்பக்கம், உள்ளங்கை அகலத்துக்குத் தோல் பிய்ந்துவிட்டது. விடிந்த பிறகுதான் கவனித்தோம். மருத்துவர் வந்து கழுவி, கட்டுப்போட்டு, ஊசி போட்டார். தையல் போட இங்கே தோல் போதாது என்றார். பிறகு நாங்களே மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டு வந்தோம். இப்போது பத்து நாட்களாகச் சிவப்பாகச் சதை பொங்கி, தோலைவிட மேலே எழுந்து பூக்கோசு போல நிற்கிறது. லேசாக உரசினாலும் இரத்தம் வருகிறது. நொண்டவில்லை, தீனி நன்றாக எடுக்கிறது. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வைத்தால் சதை கருகி விழுந்துவிடும் என்கிறார் ஊர்ப் பெரியவர் ஒருவர். வைக்கலாமா? தழும்பு தெரியாமல் மயிர் முளைக்க எந்தக் களிம்பு நல்லது?

பதில்: வைக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் இதைப் படித்து முடிப்பதற்குள் யாராவது நாட்டுமருந்துக் கடைக்குக் கிளம்பிவிடக்கூடும் என்பதால் இதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

பொங்கி நிற்கும் அந்தச் சதைக்கு நம் பக்கத்தில் துர்மாமிசம் என்று பெயர். பெயர் கொடூரமாக இருந்தாலும் அது கெட்டுப்போன சதை அல்ல. புண்ணின் பள்ளத்தை நிரப்ப உடம்பே வளர்க்கும் புதுச்சதைதான், நிறுத்த வேண்டிய இடத்தில் நிற்கத் தெரியாமல் வளர்ந்துகொண்டே போகிறது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் இந்தத் தொல்லை அரிது. குதிரைக்கு, அதுவும் முட்டிக்குக் கீழே, இது அன்றாடம் பார்க்கிற விஷயம்.

குதிரையின் காலைத் தடவிப் பாருங்கள். முட்டிக்கு மேலே தசை திரண்டிருக்கும். கீழே வந்தால் எலும்பு, தசைநாண், அதன்மேல் இழுத்துப் போர்த்தியது போலத் தோல், அவ்வளவுதான். தளர்ந்த தோல் கொஞ்சமும் கிடையாது, இரத்த ஓட்டமும் குறைவு. ஒரு புண் மூடுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுற்றியுள்ள முழுத்தோல் மையத்தை நோக்கி இழுபட்டுச் சுருங்குவது. மார்பிலோ விலாவிலோ பெரிய கிழிசல்கூட இப்படித்தான் ஆறி, கடைசியில் விரலளவு கோடாக நிற்கும். இரண்டாவது, விளிம்பிலிருந்து மெல்லிய புதுத்தோல் இளஞ்சிவப்பு நிறத்தில் ஊர்ந்து வந்து மூடுவது. காலில் முதல் வழி பாதியிலேயே நின்றுவிடுகிறது. போதாததற்கு முதல் ஓரிரு வாரங்களில் விளிம்புகள் வெளிப்பக்கம் இழுபட்டுப் புண் பெரிதாகவும் செய்யும். நாம் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று பலர் பயப்படுவது அந்தக் கட்டத்தில்தான்.

மிச்சத்தை ஊர்ந்துவரும் தோல்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது ஒரு நாளைக்கு நகர்வது ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். 6 சென்டிமீட்டர் அகலப் புண்ணை இரு பக்கமிருந்தும் அதே வேகத்தில் மூட வேண்டுமானால் 300 நாட்கள். ஓரளவு சுருக்கமும் கைகொடுப்பதால் அவ்வளவு ஆகாது என்றாலும் மாதக் கணக்குதான், வாரக் கணக்கு இல்லை. இவ்வளவு மெதுவாக வரும் அந்த மெல்லிய தோலால் மேடேற முடியாது. எதிரே சதை மதில்போல நின்றால் அது அடிவாரத்திலேயே நின்றுவிடும். உங்கள் குதிரைக்கு இப்போது நடந்துகொண்டிருப்பது இதுதான். (கொடைக்கானலிலும் ஊட்டியிலும் சவாரிக்கு நிற்கும் மட்டக்குதிரைகளுக்கு இதே புண் இன்னும் சீக்கிரம் ஆறும். அவற்றின் உடம்பு தொடக்கத்திலேயே கிருமியை வேகமாகத் தாக்கி முடித்துவிடுகிறது, சுருக்கமும் அதிகம். பெரிய குதிரைகளில் அழற்சி மெதுவாகத் தொடங்கி, முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது.)

மயில்துத்தம் சதையைச் சுடும் என்பது உண்மை. ஆனால் அதற்கு எல்லை தெரியாது. மேட்டுச் சதையோடு விளிம்பில் 24 நாட்களாகத் தவழ்ந்து வந்திருக்கும் புதுத்தோலையும் சேர்த்துக் கருக்கிவிடும். உங்களுக்கு வேண்டியதே அந்த விளிம்புதான். சுட்ட இடத்தில் அழற்சி இன்னும் கூடும், கூடினால் துர்மாமிசம் மறுபடி பொங்கும். ரேக்ளா ஓடிய குதிரை ஒன்றுக்கு இப்படி மூன்று முறை துத்தமும் சுண்ணாம்பும் வைத்துவிட்டு நான்காவது முறைக்கு முன் என்னிடம் கொண்டுவந்தார்கள். புண் தசைநாண் வரை இறங்கியிருந்தது. அது உயிர் பிழைத்தது, ஓட்டம் போயிற்று.

கத்தி என்றதும் பதற வேண்டாம். துர்மாமிசத்தில் நரம்பு கிடையாது, வெட்டினால் குதிரைக்கு வலிக்காது. மயக்கம் தெளிவிக்கும் வேலையெல்லாம் இல்லாமல், அமைதிப்படுத்தும் ஊசி ஒன்றைப் போட்டு நின்ற நிலையிலேயே மருத்துவர் சீவி எடுத்துவிடலாம். வலிக்காதே என்று நீங்களே சவரக்கத்தியை எடுத்துவிடாதீர்கள். நரம்பு இல்லாத அந்தச் சதை முழுக்க இரத்தக் குழாய்கள். பார்ப்பவர் மிரளும் அளவுக்கு ஒழுகும். கீழிருந்து மேலாகச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் வழியும் இரத்தம் வெட்டும் இடத்தை மறைத்துவிடும். தோல் மட்டத்துக்கு, அல்லது அதற்கு ஒரு நூல் கீழே வரை சீவி, விளிம்பின் இளஞ்சிவப்புக் கரையைத் தொடாமல் விட வேண்டும். உடனே அழுத்தமான கட்டு. இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எழும்பினால் மறுபடி சீவுவார்கள், அதில் தோல்வி எதுவும் இல்லை. எழும்பும்போதே ஸ்டீராய்டு களிம்பைச் சில நாட்கள் மட்டும் தடவி அடக்குவதும் உண்டு. நீண்ட நாள் தடவினால் ஆறுவதையே அது நிறுத்திவிடும். ஆகவே மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மேல் ஒரு நாள்கூடத் தடவாதீர்கள்.

சீவுவதற்கு முன் அவர் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்: இது வெறும் துர்மாமிசம்தானா? புண் இருப்பது எலும்பின்மேல் தோல் மட்டுமே இருக்கும் இடம். எலும்பு வெளியே தெரிந்து காய்ந்திருந்தால், அதன் மேல்சில் ஒன்று செத்துப் பிரிந்து உள்ளே கிடக்கலாம். சதையின் நடுவில் சின்னத் துளை, அதிலிருந்து நிற்காத சீழ் என்றால் எக்ஸ்ரே எடுங்கள். அந்தச் சில்லை எடுக்காதவரை எத்தனை முறை சீவினாலும் ஆறாது. சதைக்குள் மஞ்சளாக, அரிசி நொய் போலக் கடினமான மணிகள் தட்டுப்பட்டால் சங்கதி வேறு. குதிரையின் வயிற்றில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகளை ஈக்கள் சாணத்திலிருந்து கொண்டுவந்து புண்ணில் விட்டிருக்கலாம், அதற்கு ஐவர்மெக்டின் வேண்டும். தேங்கிய நீரிலிருந்து தொற்றும் பூஞ்சை போன்ற ஒரு கிருமியும் இதே தோற்றத்தைத் தரும், அது இன்னும் பொல்லாதது. வட இந்தியாவில் இத்தகைய புண்களுக்குப் பழங்காலம் தொட்டே பர்சாத்தி என்று பெயர், மழைக்காலத்தில் வருவது என்று பொருள். சந்தேகம் இருந்தால் சீவிய சதையில் ஒரு துண்டைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். உங்களுக்கு அருகில் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நொண்டவில்லை என்று எழுதியிருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. மூட்டுக்குள்ளோ தசைநாண் உறைக்குள்ளோ கிருமி போயிருந்தால் குதிரை இந்நேரம் காலை ஊன்றாது. அப்படித் திடீரென நொண்டினாலோ, எண்ணெய்போல வழவழப்பான மஞ்சள் நீர் கசிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனை, மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

இனி உங்கள் கையில் இருக்கும் வேலை: கட்டும் ஓய்வும்.

மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் புண்ணுக்குள் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். பொடி எதுவானாலும் புண்ணுக்கு அது மண்தான். வேப்பெண்ணெயைப் புண்ணைச் சுற்றியுள்ள மயிரில் தடவுங்கள், ஈயை விரட்ட அது நல்ல பொருள். ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, டெட்டால் எதுவும் வேண்டாம். கொதிக்கவைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி. அந்த நீர்தான் புண்ணுக்கு உகந்தது. கிருமி இருப்பதாக மருத்துவர் சொன்னால் மட்டும், 10% போவிடோன் அயோடின் கரைசலில் 10 மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்து கழுவுங்கள். வெளிறிய தேநீர் நிறத்தில் இருக்கும். கறுப்பாக இருந்தால்தான் வேலை செய்யும் என்று நினைத்து அப்படியே ஊற்றுகிறவர்கள் அதிகம், அது புதிய செல்களையும் கொன்றுவிடும்.

கட்டு மூன்று அடுக்கு. புண்மேல் ஒட்டாத துணி, மருந்துக் கடையில் பாரஃபின் காஸ் என்று கேட்டால் தருவார்கள். அதன்மேல் பஞ்சுச் சுருள், அமுக்கிய பிறகும் ஓர் அங்குலம் இருக்கும்படி. அதற்கு மேல் கிரேப் பேண்டேஜ், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடியபடி, குளம்புக்குச் சற்று மேலிருந்து முட்டிக்குக் கீழ் வரை. பஞ்சில் கஞ்சத்தனம் காட்டி மேலே இறுக்கினால் தசைநாண் நசுங்கும், அந்தச் சேதம் இந்தப் புண்ணைவிட மோசம். சீவிய மறுநாளோ அதற்கடுத்த நாளோ முதல் மாற்று, பிறகு இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை. ஈரம் வெளியே தெரிந்தாலோ, நாற்றம் வந்தாலோ உடனே மாற்றுங்கள். கட்டே துர்மாமிசத்தை வளர்க்கும் என்றும் உங்களிடம் யாராவது சொல்வார்கள். அதில் உண்மை உண்டு, மூடிய ஈரத்தில் சதை வேகமாகத்தான் வளர்கிறது. ஆனாலும் நம் ஊர் ஈக்களுக்கும் புழுதிக்கும் திறந்து போடுவதைவிட, கட்டிவைத்து, எழும்புவதைச் சீவுவதே மேல் என்பது என் எண்ணம். சிலிக்கோன் பூசிய தாள் கிடைத்தால் முதல் அடுக்குக்கு அதுவே சிறந்தது, விலைதான் கொஞ்சம் கடிக்கும்.

ஓய்வு என்றால் லாயத்தில் நிற்பது. ஒவ்வொரு அடியிலும் அந்த இடத்துத் தோல் இழுபடுகிறது, இழுபடும் புண்தான் பொங்கும் புண். காலை மாலை பத்து நிமிடம் கையில் பிடித்து மெல்ல நடத்துங்கள், போதும். வேலை இல்லாத குதிரைக்குக் கொள்ளைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் துள்ளித் துள்ளியே கட்டை அவிழ்த்துவிடும். வலிக்கென்று வீட்டில் இருக்கும் டைக்ளோஃபெனாக்கைக் கொடுக்க வேண்டாம். கால்நடைகளுக்கு அது 2006 முதல் தடை செய்யப்பட்டது, செத்த கால்நடைகளின் வழியே கழுகுகளைக் கொன்ற மருந்து. மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுக் கழுகுகளுக்கு நீங்கள் பக்கத்து ஊர்க்காரர்.

மருத்துவர் அன்று போட்டது டெட்டனஸ் ஊசிதானா என்று கேட்டுவிடுங்கள். வீட்டு விலங்குகளில் டெட்டனஸ் என்கிற ரண ஜன்னிக்கு மிக எளிதில் பலியாவது குதிரைதான். சந்தையில் வாங்கிய குதிரைக்கு முன்பு தடுப்பூசி போட்டிருந்ததா என்பது யாருக்கும் தெரியாது, ஆகவே போடவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஊசி போட்ட நான்கிலிருந்து ஆறு வாரத்துக்குள் இரண்டாவது போட்டால்தான் பாதுகாப்பு. 24 நாள் ஆகிவிட்டது, அடுத்த வாரமே அதற்கான நேரம்.

கடைசியாக நீங்கள் கேட்ட களிம்பு. தோல் முழு ஆழத்துக்குப் போன இடத்தில் மயிர்க்கால் கிடையாது. மயிர்க்கால் இல்லாத இடத்தில் மயிரை முளைக்க வைக்கும் களிம்பு உலகத்தில் எங்கும் இல்லை, எந்த டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் சரி. மேல்தோல் மட்டும் உராய்ந்த ஓரங்களில் மயிர் தானாக வரும், சில இடத்தில் வெள்ளையாக வரும். ஆகவே தழும்பே இல்லாமல் ஆக்குவது நடக்காது. புதுத்தோல் மூட வேண்டிய பரப்பைச் சிறிதாக்குவதுதான் நடக்கும், மேலே சொன்னது அத்தனையும் அதற்காகத்தான்.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. சதை மட்டமாகி, சுத்தமாகி, வெளிர்சிவப்பாக வந்த பிறகு தோல் ஒட்டு வைக்கலாம். கழுத்தில் பிடரி மயிர் மறைக்கும் இடத்திலிருந்து நெல்மணி அளவுத் தோல் துணுக்குகளை எடுத்து, புண்ணின் சதையில் நாற்று நடுவது போல வரிசையாகப் பதிப்பார்கள். ஒவ்வொரு துணுக்கிலிருந்தும் தோல் நாலாபக்கமும் பரவும், பல மாதக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். துணுக்கோடு வரும் மயிர்க்கால்கள் பிழைத்தால் ஆங்காங்கே கொத்துக் கொத்தாக மயிரும் வரும். அழகாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். எல்லாத் துணுக்குகளும் பிடிப்பதும் இல்லை. ஆனால் உள்ளங்கை அகலப் புண்ணுக்கு இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். கல்லூரி மருத்துவமனைக்குப் போகும்போது கேளுங்கள்.

முழுதும் மூடிய பிறகு அந்த இடம் காகிதம் போல மெல்லியதாக இருக்கும், வெயிலில் வெடிக்கும். வாசலின் அல்லது தேங்காய் எண்ணெயைத் தினமும் விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். தழும்பு இளகும், எலும்போடு ஒட்டிக்கொள்ளாது.

அதுவரை வாரம் ஒருமுறை, கட்டு மாற்றும்போது, புண்ணுக்குப் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு 0.1 மில்லிமீட்டர் தெரியாது, படத்தில் தெரியும். இளஞ்சிவப்புக் கரை இரண்டு வாரமாக நகரவில்லை என்றால் அந்தப் படங்களோடு மருத்துவரிடம் போங்கள்.