எதுவும் மாறாத ஒரு வருடம்

அன்புள்ள ஐயா,

மூன்று வருடமாகப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அதே அறை, அதே மேசை. எதுவும் மாறவில்லை, வயது மட்டும் ஏறுகிறது. மாற்றமே இல்லாவிட்டால் காலம் ஓடுமா? காலமே மாயை என்று சார்பியல் சொல்கிறதாமே? நான் தொடர்ந்து படிக்கட்டுமா, வேலைக்குப் போகட்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சார்பியலை விடுங்கள். அது காலத்தை அளக்கும் விதத்தைச் சொல்கிறது, காலம் இல்லை என்று சொல்லவில்லை. அரைகுறையாகக் கேட்டதை எல்லாம் ஐன்ஸ்டைன் தலையில் கட்டாதீர்கள்.

உங்கள் முதல் கேள்விதான் என்னைப் பல வருடமாகக் குடைகிறது. மாற்றம் இல்லையேல் காலம் இல்லை என்றார் அரிஸ்டாட்டில். சார்டினியா தீவில் புராண வீரர்களின் அருகே உறங்கியவர்களின் கதையை அவர் சொல்கிறார். விழித்ததும் அவர்கள் உறங்கப்போன கணத்தையும் எழுந்த கணத்தையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவார்களாம், இடையில் போனது கணக்கிலேயே வராது. எதையும் சாராமல் காலம் தன்பாட்டில் ஓடும் என்று 1687இல் நியூட்டன் எழுதினார்.

1969இல் சிட்னி ஷூமேக்கர் என்ற அமெரிக்கத் தத்துவவாதி ஓர் உலகத்தைக் கற்பனை செய்தார். அதில் மூன்று பகுதிகள். முதல் பகுதி 3 வருடத்துக்கு ஒருமுறை ஒரு வருடம் முழுக்க அப்படியே உறைந்துபோகும். இரண்டாவது 4 வருடத்துக்கு ஒருமுறை, மூன்றாவது 5 வருடத்துக்கு ஒருமுறை. உறைந்தவர்களுக்கு எதுவும் தெரியாது, பக்கத்துப் பகுதிக்காரர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். சரி, 60ஆவது வருடம்? மூன்றும் சேர்ந்து உறையும். பார்க்க ஆள் இல்லை, ஓர் இலைகூட அசையாது. ஆனாலும் அந்த வருடம் போனது என்றுதான் கணக்கு சொல்லும். இல்லை என்பவர், ‘60ஆவது வருடம் மட்டும் விலக்கு’ என்று மூன்று விதிகளிலும் ஒட்டுப்போட வேண்டியிருக்கும். எனக்கு ஷூமேக்கர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

ஆனால் எஸ்., உங்கள் அறை அந்த உலகத்தில் இல்லை. வயது ஏறுகிறது என்று நீங்களே எழுதிவிட்டு, எதுவும் மாறவில்லை என்றால் எப்படி? பார்க்காமல் இருந்துவிட்டு இல்லை என்பது சோம்பேறித்தனம். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்கும் அது இருந்தது.

அம்மா 19 நாள் நினைவில்லாமல் கிடந்தாள். தினமும் டாக்டர் வந்து, “சேஞ்ச் ஒண்ணும் இல்லீங்க, அப்படியேதான் இருக்காங்க” என்பார். நானும் அதையே ஊருக்கெல்லாம் போனில் ஒப்பித்தேன். பன்னிரண்டாம் நாள் நகம் வெட்டக் கையை எடுத்தபோதுதான் கவனித்தேன். விழுவதற்கு முதல்நாள்தான் மருதாணி வைத்திருந்தாள். நகத்தின் அடியில், சிவப்புக்குக் கீழே, நூல் கனத்துக்கு நிறமில்லாத ஒரு கோடு. ஐந்து விரலிலும் இருந்தது. அன்றிலிருந்து டாக்டர் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கோட்டைப் பார்க்க ஆரம்பித்தேன்.

கண் விழித்ததும் அவள் கேட்டது, “பாலை இறக்கினியா?” பால் அடுப்பில் இருக்கும்போதுதான் மயங்கி விழுந்தாள். மூன்று வாரம் ஆகப்போகிறது என்றேன், நம்பவில்லை. தேதி சொன்னேன், சிரித்தாள். கையைத் தூக்கி முகத்தருகே காட்டினேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். “மருதாணி மேல ஏறிடுச்சேடா” என்றாள்.