எந்த ஆக்சிஜன் சென்சார்?

கேள்வி: நான் வாங்கிய பழைய காரில் ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். உதிரிபாகக் கடைக்காரரோ, வண்டி எந்த மாசுக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டது என்று கேட்கிறார். அதை எப்படி அறிவது? சென்சார்கள் எங்கே இருக்கும்?

பதில்: ஒரே மாடல், ஒரே ஆண்டு என்றாலும், வண்டி எந்தச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்டதோ அதன் விதிக்கேற்பச் சென்சார்களின் எண்ணிக்கையும் வகையும் மாறக்கூடும் என்பதால், கடைக்காரர் கேட்டது நியாயமே. பானட்டின் அடிப்புறத்தில் மாசுக் கட்டுப்பாட்டு ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது உரிந்து போயிருந்தால், சேசிஸ் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் உதிரிபாகப் பட்டியலில் தேடலாம். தயாரிப்பு ஆண்டை மட்டும் நம்பி வாங்குவது வீண்செலவில் முடியும்.

புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் இந்தச் சென்சார்களைக் கண்டுபிடிக்க, எஞ்சினிலிருந்து புகைபோக்கிக் குழாயின் வழியே பார்த்துக்கொண்டே வாருங்கள். புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் பாகமான கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருப்பது 1ஆம் சென்சார். எரிபொருள் கலவையைச் சீராக்க உதவுவது அதுவே. பின்னால் இருப்பது, கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணிக்கிறது. வி வடிவ எஞ்சினில் சிலிண்டர்கள் இரு பக்கமாக, இரு வரிசைகளில் (‘பேங்க்’) இருக்கும்; 1ஆம் சிலிண்டர் உள்ள பக்கமே ‘பேங்க் 1’. அது இடப்பக்கமா வலப்பக்கமா என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் (இந்தக் குழப்பத்தால் நல்ல சென்சாரைக் கழற்றிவிட நேரலாம்). குழாய் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள்.